ஏழைக்கும் ஒரு திண்ணை!

தோழர்களே, ஏழைக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?"

பெரும்பாலும் பதில் வராது! எங்கோ ஓர் அறையில் கோடு கிழிக்கிறார்கள். அடுக்கடுக்காய்ப் பெட்டிகள் எழுகின்றன. அவற்றுள் ஆளை அடைக்கிறார்கள். ஆட்டைக் கட்ட இடமில்லை. மகனுக்கு மணமானால் ஓர் அறை கூட்டிக்கொள்ள வழியில்லை. மனம் வெறுத்து அவன் குடிசைக்கே திரும்பினால், நன்றி கெட்டவன் என்று பழி!

குறை குடியிருப்பவனிடமா, கோடு கிழித்தவனிடமா? இதற்குத் தம் தொழிலாலேயே விடை தந்தவர், கட்டடக்கலை அறிஞர் பாலகிருஷ்ண தோஷி.

1927-ல் புனேயில், மேசை நாற்காலி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்புசியேயிடம் பாரிசில் பணியாற்றியவர். மாளிகைகள் கட்டியே பெயரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அவரோ, அடித்தட்டு மக்களுக்குத் தகுந்த வீடு அமைப்பதே தம் வாழ்நாள் கடமை என்று 1954-ல் உறுதி பூண்டார்.

அந்த உறுதியின் உருவந்தான் 1980-களில் இந்தூரில் எழுந்த அரண்யா குடியிருப்பு. பரப்பு 85 ஹெக்டேர். வரைபடம் போடுமுன் தோஷியின் குழுவினர் இந்தூரின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தனர். வாசலிலே வேலை, வாசலிலே வியாபாரம், மர நிழலிலே ஊர்ப்பேச்சு. ஏழையின் வீடு நான்கு சுவருக்குள் முடிவதில்லை என்று கண்டனர்.

மிக ஏழைக்குக் கொடுத்தது முழு வீடு அன்று. மனை, கடைக்கால், தண்ணீர்க் குழாய், கழிப்பறை. மேலே எழுப்புவது அந்தக் குடும்பம், காசு சேரச் சேர! வழிகாட்ட 80 மாதிரி வீடுகள். அவற்றில் வாசல் திண்ணையும் உண்டு. ஏழையை எல்லைக்கு வெளியே தள்ளவுமில்லை. ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலே ஏழைகள், ஓரத்திலே வசதி படைத்தோர். வசதி படைத்தோர் கொடுத்த மனை விலை, ஏழையின் மனைக்கு உதவியது.

"அரை வீடு தருவது ஏமாற்று வேலை அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். சுவர் எழுப்ப நம் கைக்குத் தெரியும். தெரு முழுவதும் கழிவுநீர்க் குழாய் பதிக்க ஒரு குடும்பத்தால் ஆகுமா? தனியொருவனால் ஆகாததை அரசு செய்ய வேண்டும். அவனால் ஆவதில் அவன் விருப்பமே ஆள வேண்டும். கடைக்காலும் தராமல் குழாயும் தராமல் "நீயே கட்டிக்கொள்" என்பதுதான் ஏமாற்று!

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை தோஷி. 1962-ல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியை நிறுவி, தலைமுறை தலைமுறையாய் மாணவரை உருவாக்கினார். அரண்யாவுக்கு 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. 2018-ல் கட்டடக்கலையின் மிகப்பெரும் பரிசான பிரிட்ஸ்கர் அவரைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அப்போது அரண்யாவில் 6,500-க்கும் மேற்பட்ட வீடுகள், 80,000-க்கும் மேற்பட்ட மக்கள். 2023-ல் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற பாடம் எளியது. வாழ்பவன்தான் வீட்டின் முதல் சிற்பி. நாளை உங்கள் பகுதிக்கும் ஒரு வீட்டுத் திட்டம் வரும். சதுர அடியை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். குழாய் எங்கே, கூட்டிக் கட்ட இடம் எங்கே, திண்ணை எங்கே என்று கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை!