ஜன்னல் உங்களுடையது, மாடல் வேறிடத்தில்

நாம் தட்டச்சு செய்யும் சாட் ஜன்னலும் பதில் சொல்லும் மொழி மாடலும் ஒரே பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபோது இரண்டும் சேர்ந்தே நம் கைக்குக் கிடைத்ததால் ஏற்பட்ட எண்ணம் அது. உண்மையில் அவை தனித்தனி. 2023 மார்ச் 1 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-3.5 டர்போ மாடலை ஏபிஐ வழியாக, அதாவது மற்ற மென்பொருள்கள் அதோடு நேரடியாகப் பேசும் வழியாக, திறந்துவிட்டது. அதன்பின் ஜன்னலை நாமே வைத்துக்கொண்டு, மாடலை மட்டும் அவர்களுடைய கிளவுடிலிருந்து வரவழைப்பது எளிதாகிவிட்டது.

ஓப்பன் வெப்யூஐ, லிப்ரேசாட் போன்றவை அப்படிப்பட்ட ஜன்னல்கள். இலவசமாகவே கிடைக்கின்றன, உங்கள் கணினியிலோ அலுவலக சர்வரிலோ நிறுவிக்கொள்ளலாம். மாடலோடு இணைக்க மூன்று விவரங்கள் போதும்: சர்வரின் முகவரி, ஏபிஐ சாவி, மாடலின் பெயர். மாதச் சந்தா கட்டுகிறோமே, சாவியும் அதில் அடக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சாட்ஜிபிடி சந்தா வேறு, ஏபிஐ கட்டணம் வேறு. ஏபிஐ கணக்கில் தனியாகப் பணம் போட வேண்டும்.

ஓப்பன்ஏஐ வகுத்த கோரிக்கை வடிவத்தையே ஜெமினி, மிஸ்ட்ரல், குரோக் உள்ளிட்ட பல சேவைகளும் ஏற்கின்றன. அதனால் முகவரியையும் சாவியையும் மாற்றினாலே அதே ஜன்னலில் வேறு மாடல் பேசும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் சொந்த வடிவம் கொஞ்சம் வேறுபட்டது. பதில் அதிகபட்சம் எத்தனை டோக்கன் (உரையின் சிறு துண்டு) வரை போகலாம் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் அதற்குச் சொல்லியாக வேண்டும்.

இணைப்பு கிடைக்காவிட்டால் திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். 401 என்றால் சாவி தவறு. 404 என்றால் பெரும்பாலும் முகவரியிலோ மாடல் பெயரிலோ எழுத்துப் பிழை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள், அல்லது கணக்கில் பணம் தீர்ந்துவிட்டது.

இனிச் சொல்லப்போவதுதான் இதில் மிக முக்கியமானது. இத்தகைய ஜன்னல்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில், மாடலுக்கு உங்களைப் பற்றிய நினைவே கிடையாது. பத்தாவது கேள்வியை அனுப்பும்போது, முந்தைய ஒன்பது கேள்விகளையும் ஒன்பது பதில்களையும் ஜன்னல் மறுபடியும் சேர்த்து அனுப்புகிறது. அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் புதிய அதிகாரி மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதல் பக்கத்திலிருந்து முழுக் கோப்பையும் படித்துவிட்டுத்தான் கடைசிக் குறிப்பை எழுதுவார். மாடல் அந்த அதிகாரி. கோப்பு உங்கள் ஜன்னலிடம் இருக்கிறது.

ஏபிஐ கட்டணம் டோக்கன் கணக்கில் என்பதால், கோப்பு தடிக்கத் தடிக்கச் செலவும் ஏறும். கேள்வி 100 டோக்கன், பதில் 300 டோக்கன் என்று கொண்டால், பத்தாவது கேள்வியோடு போவது 3,700 டோக்கன். பத்துக் கேள்விகளுக்கும் சேர்த்து நீங்கள் தட்டியது 1,000 டோக்கன்தான். அனுப்பியதாகக் கணக்கில் ஏறுவது 19,000. பதில்களுக்கான கட்டணம் தனி. திரும்பத் திரும்பப் போகும் முன்பகுதிக்குச் சில நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்றாலும், பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவினால் புதிய உரையாடலைத் திறப்பதுதான் சிக்கனம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். டோக்கன் என்பது எழுத்தும் அல்ல, சொல்லும் அல்ல. மாடல் உரையை வெட்டிக்கொள்ளும் துண்டு. 'வணக்கம்' என்ற சொல் கணினிக்குள் 21 பைட். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று ஐந்தே பைட்டில் அடங்கிவிடும். பழைய மாடல்கள் தமிழைப் பொடிப்பொடியாக வெட்டின, அதற்கும் நாம்தான் பணம் கொடுத்தோம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஓப்பன்ஏஐ எடுத்துக்காட்டாகத் தந்த ஒரு சிறு தமிழ்ப் பகுதி 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்தது. ஆகவே மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே தமிழ்ப் பத்தியை இரண்டு மாடல்களுக்கும் கொடுத்து, எது எத்தனை டோக்கன் எடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஜன்னல் நம் கணினியில் இருப்பதால் பேச்சு ரகசியம் என்று நம்புவதும் தவறு. அந்த முழுக் கோப்பும் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் சர்வருக்குத்தான் போகிறது. நோயாளியின் விவரம், கட்சிக்காரரின் வழக்கு போன்றவற்றை அனுப்பும் முன் அந்த நிறுவனம் தரவை எத்தனை நாள் வைத்திருக்கிறது, பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறதா என்று படித்தே ஆக வேண்டும். வெளியே போகவே கூடாத விஷயம் என்றால், ஒல்லாமா போன்ற மென்பொருள் மூலம் சிறிய மாடல் ஒன்றைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டி, அதன் முகவரியை ஜன்னலில் கொடுக்கலாம். பதிலின் தரம் குறையலாம். ஆனால் எதுவும் வெளியே போகாது.

சாவி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அது கையில் கிடைத்த எவரும் உங்கள் பணத்தில் பேசலாம். நிரலுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வெளியே தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தாலே பழையதை ரத்துசெய்து புதியதை எடுங்கள். முதல் சாவியை ஜன்னலில் ஒட்டுவதற்கு முன்பே கணக்கின் கட்டணப் பக்கத்துக்குப் போய்ச் செலவு வரம்பை வையுங்கள். தானாகப் பணம் ஏறும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.