பௌர்ணமிக்கு முந்தைய மாலை

நிலமும் வெளிச்சமும் - 14

மதுரைக்கு வடகிழக்கே யானைமலை படுத்திருக்கிறது. தும்பிக்கையை முன்னே நீட்டிப் படுத்த யானையைப் போல ஒரே பாறை. மலைக்குத் தென்மேற்கே ஒரு கண்மாய்க்கரையில் நின்றால் அதன் முதுகு கண்ணுக்குள் அடங்கும். மார்கழிப் பௌர்ணமி நிலா அந்த முதுகின் மேல்தான் ஏறும் என்று திசையைக் கணித்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அங்கே போய் நின்றேன். நான்கரை மணிக்கே ட்ரைபாடை ஊன்றிவிட்டேன்.

ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கியபோது பாறை முழுக்கச் செம்பு நிறம் ஏறியது. நிலா வரவில்லை. செம்பு மங்கிச் சாம்பலானது. சாம்பலும் கருத்தது. மலை முதுகில் நிலா எட்டிப் பார்த்தபோது கண்மாய்க்கரை இருட்டத் தொடங்கியிருந்தது. நிலாவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மலை கரிக்கட்டையானது. மலைக்கு வைத்தால் நிலா காகிதத்தில் விழுந்த வெள்ளை ஓட்டையானது. அன்று எடுத்த எதுவும் படமாகவில்லை.

பக்கவாட்டு வெளிச்சம் பாறைக்கும் மணலுக்கும் எப்படி உடல் கொடுக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் இரண்டு வெளிச்சங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் சில நிமிடங்களைப் பற்றிப் பேசுவோம். அந்தச் சந்திப்பைப் படமாக்கியவர்களில் எனக்கு ஆசான் ஆன்சல் ஆடம்ஸ்.

சாலையோரத்தில் ஒரு நொடி

1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஆடம்ஸ் காரில் சான்டா ஃபே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். உடன் அவருடைய மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும். பகல் முழுக்க அலைந்தும் மனத்துக்குப் பிடித்த படம் அமையவில்லை. ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது பக்கவாட்டில் பார்த்தார். கிழக்கு வானில் நிலா ஏறியிருந்தது. அதன் கீழே மேகக் கீற்று, பனி மலைத்தொடர். இன்னும் கீழே ஒரு தேவாலயமும் கல்லறைத் தோட்டமும். மறையப்போகும் சூரியனின் கடைசி ஒளி கல்லறைச் சிலுவைகளில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

காரைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினார். 8க்கு 10 அங்குல ஃபிலிம் பிடிக்கும் பெரிய கேமரா. ட்ரைபாட், லென்ஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் கூவிக் கேட்டு வாங்கிப் பூட்டினார். லைட் மீட்டர் மட்டும் அகப்படவில்லை. மேற்கே சூரியன் மேகத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தேடிக்கொண்டிருந்தால் சிலுவைகள் அணைந்துவிடும்.

அப்போது அவருக்குக் கைகொடுத்தது ஓர் எண். நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதன் மேல் கணக்கைக் கட்டினார்.

அவரும் ஃப்ரெட் ஆர்ச்சரும் அதற்குச் சற்று முன்புதான் வகுத்திருந்த மண்டல முறையில், முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10, நடுச்சாம்பல் 5. ஒரு படி ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். நிலா வெளுத்துப்போகாமல் பிரகாசமாகத் தெரிய அதை 7ஆம் மண்டலத்தில் வைத்தார். அப்படியானால் நடுச்சாம்பல் இரண்டு படி கீழே இருக்கும். 250இன் கால்வாசி, ஏறக்குறைய 60. அவருடைய ஃபிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. அந்த எண்ணுள்ள அபெர்ச்சரில் நடுச்சாம்பலின் ஒளிர்வைத் தலைகீழாக்கினால் ஷட்டர் வேகம். எனவே எஃப்/8 அபெர்ச்சரில் 1/60 விநாடி. மாட்டியிருந்த அடர் மஞ்சள் ஃபில்டர் வெளிச்சத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் என்பதால் அது 1/20 விநாடி. முன்னும் பின்னும் துல்லியமாகத் தெரிய எஃப்/32க்கு மூடினார். நான்கு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு. கிட்டத்தட்ட ஒரு விநாடி. எஃப்/32, ஒரு விநாடி. ஷட்டர் திறந்து மூடியது.

பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்க ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. உலகுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நெகட்டிவ்.

அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நிலாவும் வெயிலும் கூடி நின்றது அதிர்ஷ்டம்தான். 250 என்ற எண் நாவில் இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. ஆடம்ஸ் பியானோக் கலைஞராக வேண்டும் என்று இளமையில் பல ஆண்டுகள் சாதகம் செய்தவர். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் விரலில் ஊறியவருக்குத்தான் மேடையில் ராகம் வரும் என்பது நம் பாட்டு வாத்தியார்களுக்குத் தெரியும். வெளிச்சத்துக்கும் சரளி வரிசை உண்டு.

நிலாவில் எப்போதும் வெயில்

நிலா இரவின் பொருள் என்று நம் மனம் நினைக்கிறது. கேமராவுக்கு அது வெயிலில் கிடக்கும் பாறை. சூரியன் நம் மேல் அடிக்கும் அதே வலுவில் அங்கும் அடிக்கிறது. தெளிந்த வெயிலுக்கு எஃப்/16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் என்பது பழைய பாடம். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 விநாடி. நிலாவின் தரை தார்ச்சாலையைப் போல மங்கலானது, விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் திருப்பி அனுப்பும். அதனால் முழுநிலாவுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி எஃப்/11. அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது தூசியும் ஈரமும் ஒளியைக் குடிப்பதால் இன்னும் ஓரிரு ஸ்டாப் தேவைப்படும்.

யானைமலையில் என் படம் ஏன் பாழானது என்பது இப்போது விளங்கும். சூரியன் மறைந்த பிறகும் நிலாவின் வெயில் அப்படியே இருக்கிறது. நிலத்தின் வெளிச்சமோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகிறது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வடநாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள் அந்தியில் நிதானமாக வேலை செய்யச் சொல்லும். அந்த நிதானத்துக்கு நம் வானத்தில் இடமில்லை. நிலமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்க வேண்டுமானால், வெயில் நிலத்தில் இருக்கும்போதே, அல்லது போன கையோடு, நிலா மேலே வந்து நிற்க வேண்டும்.

அது எந்த நாள்? நம் வீட்டுச் சுவரிலேயே விடை தொங்குகிறது.

நாள்காட்டித் தாள்

தினசரி நாள்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் திதி அச்சிட்டிருக்கும். நல்ல காரியத்துக்கும் விரதத்துக்கும் பார்க்கிறோம். நிலக்காட்சி எடுப்பவருக்கு அது ஒரு கோணமானி. சூரியனை விட்டு நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். ஆகவே ஒரு திதி நகர்ந்தால் நிலா எழும் நேரம் ஏறக்குறைய 48 நிமிடம் தள்ளிப்போகும்.

பௌர்ணமித் திதி முடியும் கணத்தில் சூரியனும் நிலாவும் நேர் எதிரே நிற்கும். அந்தக் கணம் மாலையில் அமைந்தால் சூரியன் மறைய, நிலா எழும். மாலையில் பௌர்ணமித் திதி தொடங்கும் நேரம் என்றால், சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய 48 நிமிடம் முன்பே நிலா எழுந்துவிடும். சதுர்த்தசி என்றால் இன்னும் முன்னதாக, ஒன்றரை மணி நேரம் வரை.

தாளில் என்ன திதி போட்டிருக்கிறது என்பது போதாது, மாலை ஆறு மணிக்கு எது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் போன நாளின் தாளில் பௌர்ணமி என்றுதான் இருந்தது. ஆனால் திதி பகல் ஒரு மணிக்கே முடிந்திருந்தது. அடுத்த ஐந்து மணி நேரத்தில் நிலா இரண்டரை டிகிரி பின்தங்கிவிட்டது, பத்து நிமிடத் தாமதம். நான் நின்ற இடத்திலிருந்து மலையின் உயரம் சுமார் மூன்று டிகிரி. அதன் முதுகைத் தாண்ட இன்னொரு பன்னிரண்டு நிமிடம். கூட்டினால் இருபத்திரண்டு. அந்தியே முடிந்துபோகும் நேரம் அது. வீட்டில் உட்கார்ந்தே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

மலையின் உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கையாகப் பிடியுங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு டிகிரி. மூன்று விரல் தடிமன் மலை எழும்பினால் மூன்று டிகிரி. நிலாவின் அகலம் அந்த விரலில் பாதி. நம்புவதற்குக் கடினமாக இருக்கும், இன்று இரவே நீட்டிப் பாருங்கள்.

திசை மாதத்துக்கு மாதம் மாறும். முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால், மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கும்போது நிலா வடகிழக்கில் எழும், ஆனியில் தென்கிழக்கில் எழும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமியன்று ஒருபக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலா எழுவதையும் காணக் கூட்டம் கூடுவது இந்த எதிரெதிர் நிலையால்தான்.

எவ்வளவு பெரிய நிலா?

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த நிலா படத்தில் கடுகாகிவிடுகிறது என்று பலர் வருந்துகிறார்கள். லென்ஸின் குவியதூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் அகலம் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸில் அது கால் மி.மீ.கூட இல்லை. 200 மி.மீ. லென்ஸில் சுமார் 1.8, 400இல் சுமார் 3.6.

நிலத்தோடு ஒப்பிடவும் ஓர் எண் உண்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளின் பக்கத்தில் நிலா 9 மீட்டர் அகலமாகத் தெரியும், இரண்டு கிலோமீட்டரில் 18 மீட்டர். மரத்தைவிடப் பெரிய நிலா வேண்டுமானால் மரத்தை விட்டுத் தள்ளிப் போய் நீண்ட லென்ஸைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். நீண்ட லென்ஸில் ஷட்டர் ஒரு விநாடியைத் தாண்டக் கூடாது.

ஆனால் ஹெர்னாண்டஸ் படத்தில் நிலா சிறியதுதான். அந்த வெறுமையான வானமும், சின்ன நிலாவும், அதைவிடச் சின்னச் சிலுவைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதுதான் படம். நிலா எவ்வளவு பெரிது என்பதைவிட, அது யாருக்கு எதிரே நிற்கிறது என்பது முக்கியம்.

அந்தப் படம் ஒரே நாளில் முடிந்துவிடவும் இல்லை. நெகட்டிவில் முன்பக்க நிலம் மெலிந்திருந்ததால் 1948இல் அந்தப் பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். ஆரம்பகால பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகத் திட்டுகளோடு இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தைக் கருக்கிக்கொண்டே போனார். நெகட்டிவ் ஸ்வரக் குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்பது அவருடைய நம்பிக்கை. ஒரே கீர்த்தனையை நாற்பது ஆண்டுகள் பாடிய வித்வானின் குரல் முதிர்வதை அந்தப் பிரிண்டுகளில் பார்க்கலாம்.

படம் எடுத்த தேதியை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். வானியலாளர் டேவிட் எல்மோர் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து 1941 அக்டோபர் 31 என்று கணித்தார். பின்னர் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று நிறுவினார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தைய வளர்பிறை. பூமியும் நிலாவும் அவ்வளவு ஒழுங்காக நடப்பதால்தான் ஒரு படத்திலிருந்து நேரத்தைத் திரும்ப எடுக்க முடிந்தது. அதே ஒழுங்கால்தான் வரப்போகும் படத்தின் நேரத்தையும் நாம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடிகிறது.

மறுபடியும் கண்மாய்க்கரை

அடுத்த தை மாதம் மாலையில் சதுர்த்தசி முடியும் தறுவாயில் இருந்த ஒரு நாளைத் தேர்ந்தேன். நிலா எழும் திசை சற்றுத் தெற்கே நகர்ந்திருந்ததால் நான் கரையோடு வடக்கே நடந்து நின்றேன். ஐந்தரை மணிக்கு மேல், வெயில் இன்னும் பாறையில் இருக்கும்போதே, வெளிறிய நிலா முதுகின் மேல் வந்தது. அவசரப்படவில்லை. வானம் வெளுப்பாக இருக்கும்வரை நிலாவுக்கு உடல் வராது. சூரியன் மறையும் தறுவாயில் ஸ்பாட் மீட்டரால் நிலாவை அளந்தேன், பாறையை அளந்தேன். இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஸ்டாப்தான். செம்பு நிறப் பாறை, அதன் மேல் பள்ளமும் மேடும் தெரியும் நிலா, கீழே கண்மாய் நீரில் இரண்டின் சாயல். நான்கைந்து நிமிடங்கள். ஆறு படங்கள்.

அந்தப் பிரிண்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2010 வாக்கில் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் யோசனை எழுந்தது. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள், மலை தப்பியது. அதே மதுரை மாவட்டத்தில் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டுக் காணாமல் போன குன்றுகள் பல. நிலா தவறாமல் வரும், கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அது வந்து ஏற மலை இருக்குமா என்பதை எந்த நாள்காட்டியும் சொல்லாது. உங்கள் ஊர்க் குன்றை இந்த மாதமே எடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: நாள்காட்டியில் மாலை ஆறு மணியை ஒட்டிச் சதுர்த்தசி முடிந்து பௌர்ணமி தொடங்கும் நாளை வட்டமிடுங்கள். முந்தைய நாளே போய் நிற்கும் இடத்தைப் பார்த்து, குன்றின் உயரத்தைச் சுண்டுவிரலால் அளந்து வாருங்கள். அன்று மாலை, மீட்டரைப் பார்க்கும் முன் நிலாவின் எக்ஸ்போஷரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அளந்து பாருங்கள். இரண்டும் பொருந்தும் நாளில் வெளிச்சம் உங்களுக்கு மனப்பாடமாகத் தொடங்கியிருக்கும்.

அடுத்த வாரம்: மழைக்கால மேகங்கள்.

(தொடரும்)