விழுந்ததை மறைக்க வேண்டாம்

"ஒண்டுமில்லை பிள்ளை, கால் கொஞ்சம் சறுக்கினது, அவ்வளவுதான்."

எங்களிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களில் வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கும். அதைச் சுவெற்றர் கையால் மூடியிருப்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில், பென்ஷன் கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்ல ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறையில் விழுந்திருந்தார். "மகளுக்குச் சொல்லாதையுங்கோ, பிறகு கோயிலுக்குத் தனிய விடமாட்டினம். ஹோமிலை கொண்டுபோய்ப் போட்டாலும் போட்டுவிடுவினம்" என்றார். அவர் கேட்டபடி நானும் பேசாமல் வந்துவிட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு இரவு மறுபடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு இந்த விஷயத்தில் நான் பேசாமல் இருப்பதில்லை.

"வயது போனால் விழுகிறதுதானே" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பிரித்தானியாவில் 65 வயதுக்கு மேற்பட்டு, சொந்த வீட்டில் வாழ்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். தேடினால் பிடிக்கலாம்.

அந்த அம்மாவின் காரணம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. படுக்கையில் இருந்து எழும்பும்போது அவருடைய இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கியிருக்கிறது. பிரஷர் குளிசையின் அளவை இரண்டு மாதத்துக்கு முன்தான் கூட்டியிருந்தார்கள். இரவில் சிறுநீர் கழிக்க அவசரமாக எழும்ப, தலை சுற்றி விழுந்திருக்கிறார். படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றபின் ஒருமுறையும் பிரஷர் அளந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியர் குளிசைகளை மீளப் பார்ப்பார். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், அது வேறு ஆபத்து. இரவில் எழும்பும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடமாவது இருந்து, காலை ஆட்டிவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

மற்றக் காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பழைய கண்ணாடி, குதி பிடிக்காத செருப்பு, படியில் தடக்கும் சாறி, கரண்ட் காசு மிச்சம் பிடிக்க அணைத்து வைத்த விறாந்தை லைற். லைற்றைப் போட்டு வையுங்கள்.

விழுந்தவுடன் என்ன செய்வது? பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் எங்கே நோகிறது என்று கேளுங்கள். இடுப்பிலோ தொடை மடிப்பிலோ கடும் நோவு, காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் அசைக்காமல் போர்வையால் மூடிவிட்டு 999 எடுங்கள். தனியே இருக்கும் பெரியவர்களுக்கு "அம்புலன்ஸ், தமிழ்" என்ற இரண்டு சொல்லையும் வீட்டுப் போஸ்ட்கோட்டையும் சொல்லப் பழக்கி வையுங்கள். லைனை வைக்காமல் நின்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அப்பிக்சபான் போன்ற குளிசை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போகவேண்டும். தலைக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்து, மணித்தியாலங்கள் கழித்தே தெரியவரலாம்.

காயம் இல்லாவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் "விழுந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். அங்கே பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அப்பப்பா "தலைச்சுத்து" என்று சொல்ல, பிள்ளை அதைத் தலையிடி என்று ஆங்கிலத்தில் சொல்லும். வைத்தியர் பனடோல் தருவார். பன்னிரண்டு வயதுப் பேரன் முன்னால் எந்த அம்மம்மா சிறுநீர் அடக்க ஏலாது என்று சொல்லுவா? அப்போயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். என்.எச்.எஸ்ஸில் அதற்குக் காசு இல்லை.

அடுத்தது கவுன்சில். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புத் தேவைப்படும் எவரும் கவுன்சிலிடம் மதிப்பீடு கேட்கலாம். வருமானம், சேமிப்பு பார்த்து மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்து, கைபிடிச் சட்டம், குளிக்கும்போது இருக்கக் கதிரை, உயர்த்திய ரொயிலெற் இருக்கை போன்றவை தேவை என்று முடிவெடுத்தால், 1000 பவுண்டு வரையான பொருட்களுக்கும் சிறு மாற்றங்களுக்கும் உங்களிடம் காசு அறவிட முடியாது. பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ தனியாக ஒரு மதிப்பீடு உண்டு. அதைக் கேட்க நம்மவர் வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மதிப்பீட்டுக்கு ஆள் வருவது ஹோமில் போடுவதற்கு அல்ல, வீட்டிலேயே வைத்திருக்க என்ன தேவை என்று பார்ப்பதற்கு. இதைப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள்.

பென்ஷன் வயதைத் தாண்டி, ஆறு மாதமாக உடுக்க, குளிக்க, நடக்க மற்றவர் துணை தேவைப்படுபவர் அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். சேமிப்புக் கணக்குப் பார்க்கப்படாது. 0800 731 0122 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் படிவம் கேட்டு, ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் கேட்ட நாளில் இருந்தே கணக்கெடுப்பார்கள். படிவத்தில் "சமாளிக்கிறேன்" என்று கௌரவமாக எழுதாமல், கூடாத நாளில் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். ஆனால் விசாவில் பொது நிதி பெற முடியாது என்று இருந்தாலோ, பிள்ளைகள் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்துக் கூப்பிட்டிருந்தாலோ, விண்ணப்பிக்க முதல் எங்களிடம் வந்து கேளுங்கள். தவறாக விண்ணப்பித்தால் விசாவைப் பாதிக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஊரில் இருந்து தெரிந்தவர் கொண்டுவந்து தந்த பிரஷர் குளிசையும், சூரணமும் அந்தப் பைக்குள் இருக்கவேண்டும்.