யாருடைய போன், யாருடைய நேரம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது வாட்டர்லூ. மைக் லசாரிடிஸும் டக்ளஸ் ஃபிரெகினும் 1984இல் அங்கே தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999 ஜனவரியில் ஒரு கைக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேஜர் அளவுதான் இருக்கும். கறுப்பு வெள்ளைத் திரையில் சில வரிகள் தெரியும். ஒரே ஒரு பென்சில் பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். அதில் பேச முடியாது, பாட்டு கேட்க முடியாது. அலுவலக மெயில் வரும், இரண்டு கட்டைவிரலால் பதில் தட்டி அனுப்பலாம். அதற்குப் பிளாக்பெரி என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு முன்பு வேலை நிமித்தமாக வெளியூர் போனவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். ஹோட்டல் அறையில் போன் வயரைக் கழற்றி லேப்டாப்பில் செருகுவார்கள். மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். நாலு மெயில் இறங்குவதற்குள் லைன் அறுந்துபோகும். மெயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாமாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. பிளாக்பெரியில் மெயில் தானாக நம்மைத் தேடி வந்தது.

கருவியைவிட அதன் பின்னால் இருந்த ஏற்பாடுதான் பெரிய சாதனை. நிறுவனத்தின் மெயில் சர்வருக்குப் பக்கத்தில் பிளாக்பெரி எண்டர்பிரைஸ் சர்வர் என்று ஒன்றை வைப்பார்கள். மெயில் வந்ததும் அது எடுத்துச் சங்கேதமாக்கி, உள்ளிருந்து வெளியே போகும் ஓர் இணைப்பு வழியாக வாட்டர்லூவிலிருந்த மையத்துக்கு அனுப்பும். மையம் மொபைல் நிறுவனத்திடம் கொடுக்க, மெயில் கைக்கு வந்து சேரும். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு ஃபயர்வாலில் எந்த வழியும் திறக்க வேண்டியதில்லை. அதனால்தான் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் துணிந்து வாங்கின. சங்கேதத்தின் சாவி அலுவலக சர்வரிலும் கைக்கருவியிலும் மட்டுமே இருந்தது. 2010இல் இந்தியப் பாதுகாப்பு அமைப்புகள் இந்த மெயில்களைப் படிக்க வழி கேட்டு, அரசு ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்தபோது, நிறுவன மெயிலின் சாவி தங்களிடமே இல்லை என்றுதான் ரிசர்ச் இன் மோஷன் சொல்லிவந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் செல்போன்கள் நெரிசலில் திணறியபோதும், பேஜர் வலைப்பின்னலில் ஓடிய பிளாக்பெரிகள் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதற்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும் அது வழங்கப்பட்டது.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அது பதவியின் அடையாளமாக இருந்தது. டெலிவரி ஹெட்டுக்கு உண்டு, பெரிய வாடிக்கையாளரைக் கவனிக்கும் மேனேஜருக்கு உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது. கேட்டாலும் கிடைக்காது. மேலிடத்து அனுமதி வேண்டும், ஹெல்ப்டெஸ்க் ஒரு ஆக்டிவேஷன் பாஸ்வேர்டு தரும், அதைத் தட்டிவிட்டு மெயில், காலண்டர், முகவரி எல்லாம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கருவி கம்பெனியுடையது, மாத பில்லும் கம்பெனியுடையது. வேலையை விட்டால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். சொந்தப் பேச்சுக்கு இன்னொரு போன் வைத்திருந்தவர்கள் நிறைய. இரண்டு போன் சுமப்பது தொல்லைதான். ஆனால் எது அலுவலகம், எது வீடு என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

அந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு, இப்போது பலருக்கும் நினைவில்லாதது: ஆட்டோ ஆன் ஆஃப். வார நாட்களில் காலை இத்தனை மணிக்கு விழி, இரவு இத்தனை மணிக்கு அணைந்துபோ. சனி ஞாயிறுக்கு வேறு நேரம் என்று குறித்துவைத்தால் அது தானாகவே அணைந்துவிடும். பிறகு காலைவரை தலையிலிருந்த சிவப்பு விளக்கு மின்னாது. இடுப்பு உறையில் காந்தம் இருக்கும். போட்டதும் திரை தூங்கிவிடும். வடிவமைத்தவர்கள் மனித உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறக்கவில்லை. பிளாக்பெரிக்கு அடிமையானவர்களைப் பற்றி அன்றே நிறையப் பேசினார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அடிமையானவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்கு அதற்குரிய சம்பளமும் இருந்தது.

மாற்றம் 2008 ஜூலையில் தொடங்கியது என்பேன். ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளின் இரண்டாவது பதிப்பில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் முறையைச் சேர்த்தது. தனி சர்வர் வேண்டாம், வாட்டர்லூ மையம் வேண்டாம். போன் நேராக அலுவலக சர்வரோடு பேசும், மெயில் உடனுக்குடன் வரும். பின்னாலேயே ஆண்ட்ராய்டும் வந்தது. 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத்திலிருந்த இன்னொரு மையத்தில் கோளாறு ஏற்பட்டு, ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, இந்தியா, பிறகு அமெரிக்கா என்று பிளாக்பெரி சேவை நாட்கணக்கில் தடுமாறியது. எல்லாமே ஒரே நிறுவனத்தின் மையங்கள் வழியாகப் போவதன் பலவீனம் அன்று வெளிச்சமானது. அந்த நிறுவனம் 2013இல் தன் பெயரையே பிளாக்பெரி என்று மாற்றிக்கொண்டது, 2016இல் சொந்தமாகப் போன் வடிவமைப்பதை நிறுத்தியது. பழைய கருவிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4இல் முடிவுக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் நிறுவனங்கள் ஒன்றைக் கண்டுகொண்டன. ஊழியர் கையில் ஏற்கெனவே நல்ல போன் இருக்கிறது. தாங்கள் ஏன் இன்னொன்று வாங்கித் தர வேண்டும்? சலுகை போலத்தான் இது வந்தது: உங்கள் போனிலேயே அலுவலக மெயிலைப் பார்த்துக்கொள்ளலாம். பலரும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். போனுக்குக் கொடுத்த விலை ஊழியருடையது, மாத ரீசார்ஜும் அவருடையது. மேலாண்மை விதி மட்டும் நிறுவனத்துடையது. ஆக்டிவ்சிங்க் காலத்தில் போன் தொலைந்துவிட்டதாகச் சொன்னாலோ வேலையை விட்டாலோ, அலுவலகத்திலிருந்து ஒரு கட்டளை கொடுத்துப் போன் முழுவதையும் அழித்துவிட முடியும். மெயிலோடு பிள்ளையின் படங்களும் சேர்ந்தே போய்விடும்.

அந்தக் கொடுமை இன்று பெருமளவு தீர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் வேலைக்கென்று தனிப்பகுதி உண்டு. சின்னப் பெட்டி அடையாளம் போட்ட ஆப்கள் அதற்குள் இருக்கும். அழித்தால் அந்தப் பகுதி மட்டும் போகும், மற்றது நம்முடையது. உள்ளே நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஆதென்டிகேட்டர் ஆப்பில் எண்ணைத் தட்டி உறுதி செய்ய வேண்டும். பழைய எண்டர்பிரைஸ் சர்வரைக் கட்டிக் காத்த ஹெல்ப்டெஸ்க் பையன்கள் பார்த்தால் வியப்பார்கள்: ஆப்பை இறக்கி மெயில் முகவரியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்பாவை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு மருத்துவமனை வராந்தாவிலிருந்து ஓர் அனுமதி மெயிலை அனுப்பிவிட முடிகிறது. முன்பென்றால் அதற்காக அன்று விடுப்பே எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நாலு மணிக்கே கிளம்பும் தாய், மீதி வேலையை வழியிலேயே முடிக்கிறாள். அன்று டெலிவரி ஹெட்டுக்கு மட்டும் இருந்த இந்த வசதி, இன்று நேற்றுச் சேர்ந்த பெண்ணிடமும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு டெலிவரி ஹெட்டின் சம்பளம் இல்லை. அவளை யாரும் இரவில் மெயில் பார்க்கச் சொல்லவுமில்லை. சென்னையில் இரவு எட்டு மணியானால் நியூயார்க்கில் காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. அங்கே வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் இங்கே சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் அதிர்கிறது. பார்க்காமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து டீமில் ஒருவன் பார்த்துப் பதில் போட்டுவிட்டான் என்றால், மறுநாள் ஸ்டேண்டப் மீட்டிங்கில் அது பேச்சாகிறது. ஆண்டு மதிப்பீட்டில் ஈடுபாடு என்ற தலைப்பின் கீழ் அது மதிப்பெண்ணாகிறது. கட்டளை போடாமலே கட்டாயம் உருவாகிவிட்டது. எழுதப்பட்ட கட்டளை இருந்தாலாவது எதிர்த்துக் கேட்கலாம். மெயிலோடு டீம்ஸும் வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டதால் வேலைப் பகுதியை அணைத்துவைத்தும் பயனில்லை. குழு சொந்தப் பகுதியில் இருக்கிறது, அதில் மேனேஜரும் இருக்கிறார்.

இதைச் சரிசெய்ய முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 2011இல் ஊழியர் பிரதிநிதிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி, வேலை நேரம் முடிந்த அரை மணியில் பிளாக்பெரிகளுக்கு மெயில் அனுப்புவதை சர்வர் நிறுத்தும். மறுநாள் வேலை தொடங்க அரை மணிக்கு முன்பு மீண்டும் அனுப்பும். சர்வரிலேயே நிறுத்தியதால் எந்த ஊழியரும் தனித்து நின்று தைரியம் காட்ட வேண்டியிருக்கவில்லை. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும். பிளாக்பெரி பிறந்த ஒன்டாரியோவில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதற்கென ஒரு கொள்கையை எழுதிவைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. ஆனால் அது எழுதிவைக்கச் சொல்கிறதே தவிர, ஊழியருக்கு உரிமை எதையும் தந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி முன்னே போனது. அங்கே வேலை நேரத்துக்குப் பிந்தைய அழைப்புக்கோ மெயிலுக்கோ பதில் தர ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. இந்தியாவில் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் இதற்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் சட்டமன்றம் திருத்தி, நாளெல்லாம் நின்றுகொண்டே விற்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. துணிக்கடைப் பெண்களின் கால் வலியைச் சட்டம் காது கொடுத்துக் கேட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பை வைத்திருப்பதும் இதே சட்டம்தான். இதில் இன்னும் சில வரிகள் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வேலை நேரத்துக்குப் பின் வந்த மெயிலுக்குப் பதில் தரவில்லை என்பதற்காக ஒருவரின் மதிப்பீட்டைக் குறைக்கக் கூடாது. சொந்த போனில் அலுவலக மெயிலை வைக்கச் சொன்னால் ரீசார்ஜ் செலவில் நிறுவனம் பங்கு தர வேண்டும். இரவில் அவசரத்துக்கு ஆள் தேவைப்படும் இடங்களில் முறை வைத்து, பட்டியல் போட்டு, அன்று முறையில் இருப்பவருக்குத் தனிப் படி கொடுக்க வேண்டும். மற்றவர்களின் போனுக்கு அந்த மெயில் மறுநாள் காலையில் போனால் போதும்.