கேள்விக்குப் பணம் கொடுப்பது யார்?

பச்சிளங்குழந்தைகளின் குடலில் எழுந்த ஒரு சந்தேகம் 30 ஆண்டுகள் கழித்துத் தடுப்பு மருந்தாக வந்தது. அடுத்த சந்தேகத்துக்கு அரசு அவ்வளவு காலம் பொறுத்திருக்குமா?

1980களின் நடுப்பகுதி. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டு. குழந்தைகளின் மலத்தைச் சோதித்த டாக்டர்களுக்கு ஒரு புதிர். பல குழந்தைகளின் மலத்தில் ரோட்டாவைரஸ் இருந்தது. கைக்குழந்தைகளை வயிற்றுப்போக்கில் தள்ளி, உடம்பின் நீரை வற்றவைத்து, சமயத்தில் உயிரையே பறித்துவிடும் கிருமி அது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பால் குடித்தன, தூங்கின.

நோயில்லை என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். குழந்தை மருத்துவர் எம்.கே. பான் மூடவில்லை. கிருமி இருந்தும் ஏன் நோய் வரவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பானும் சகாக்களும் 1993ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு விஷயத்தைச் சொன்னது: பிறந்தவுடன் இந்த வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. இயற்கையே தடுப்பு மருந்து கொடுத்திருந்தது. அந்த வைரஸ் ரகத்தின் பெயர் 116இ. மனித வைரஸ்தான், ஆனால் அதன் மரபணுக்களில் ஒன்று மாட்டு வைரஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் கேள்வியால் யாருக்கும் உடனடி லாபம் கிடையாது. எந்த மருந்துக் கம்பெனியும் அப்போது இதற்குக் காசு தந்திருக்காது. பணம் வேறு வழியில் வந்தது. 1986ல் மத்திய அரசு உயிரித் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. 1987ல் இந்தியாவும் அமெரிக்காவும் தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்கு ஒரு கூட்டுத் திட்டம் போட்டன. ஆரம்ப வருடங்களில் ஆய்வைத் தாங்கியது இந்த அரசுப் பணம்தான். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளை போன்ற வெளிநாட்டு அமைப்புகளும் பிறகு சேர்ந்தன.

தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2014ல் பிரசுரமாயின. 2015 மார்ச்சில் ரோட்டாவாக் வெளியிடப்பட்டது. 2016ல் நான்கு மாநிலங்களில் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்து, பிறகு மேலும் பல மாநிலங்களுக்குப் போனது. தவணை ஒன்றுக்கு ஒரு டாலர் என்று கம்பெனி வாக்களித்திருந்த மருந்து இது. இந்தத் திட்டம் வருவதற்கு முன் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 80,000 குழந்தைகள் ரோட்டாவைரஸுக்குப் பலியானதாக மதிப்பீடு. வார்டில் எழுந்த கேள்விக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சொட்டு மருந்துக்கும் நடுவே ஏறத்தாழ 30 ஆண்டுகள்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. கடுமையான வயிற்றுப்போக்கை ரோட்டாவாக் 55 சதவீத அளவுக்கே தடுக்கிறது. இந்திய மருந்து என்பதால் வந்த குறை அல்ல இது. பணக்கார நாடுகளில் 85 சதவீதத்துக்கு மேல் பலன் தரும் வெளிநாட்டு ரோட்டாவைரஸ் மருந்துகளும் ஏழை நாடுகளுக்கு வந்தால் இதே ரேஞ்சுக்கு இறங்கிவிடுகின்றன. குறை மருந்தில் இல்லை என்றால் எங்கே?

பதில் குடலின் உட்சுவரில் இருக்கிறது. வாய், மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான சளிச்சவ்வுதான் பெரும்பாலான கிருமிகள் உடலுக்குள் நுழையும் வாசல். அங்கே தனியாக ஒரு காவல் இருக்கிறது. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம்தான் அதன் முக்கிய ஆயுதம். மற்ற எல்லா எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்தாலும் உடல் தினமும் தயாரிக்கும் ஐஜிஏவின் அளவுக்கு வராது. இந்தக் காவலாளியின் வேலை லேசானதல்ல. சோற்றையும் நல்ல பாக்டீரியாக்களையும் உள்ளே விட வேண்டும். எதிரியை மட்டும் நிறுத்த வேண்டும். கையில் போடும் ஊசி பெரும்பாலும் ரத்தத்தில்தான் காவல் போடும். வாய்வழிச் சொட்டு மருந்து வாசலிலேயே ஆள் நிறுத்தும். ஆனால் அசுத்தமான தண்ணீராலும் ஓயாத தொற்றாலும் சலித்துப்போன குடல் புதிய பாடத்தைச் சரியாகக் கற்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் மருந்தை மழுங்கடிக்கலாம். எது எவ்வளவு காரணம் என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இது புதிய புதிரல்ல. மேலைநாடுகளில் மூன்று தவணையிலேயே வேலை செய்த போலியோ சொட்டு மருந்து வேலூர்க் குழந்தைகளிடம் பலிக்கவில்லை என்பதை சிஎம்சி மருத்துவமனையின் டி. ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே காட்டினார். 2006ல் வெளியான ஒரு கணக்குப்படி, உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணைச் சொட்டு மருந்தின் பலன் வெறும் 9 சதவீதம். நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 21 சதவீதம். அதை ஈடுகட்டத்தான் திரும்பத் திரும்ப முகாம்கள், வீடு வீடாகத் தேடல். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கடைசி நோயாளி கண்டறியப்படும்வரை ஒரே குழந்தைக்குப் பத்துத் தவணைக்கு மேல் கொடுத்த ஊர்கள் உண்டு. குடலைப் புரிந்துகொள்ளாததற்கு நாடு கட்டிய அபராதம் அது.

வேலூர் பதில்களையும் தந்திருக்கிறது. ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கு ஒரே ஒரு போலியோ ஊசி போட்டால் குடலின் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்று 2014ல் அங்கே நடந்த ஆய்வு காட்டியது. இதற்கு நேர்மாறாக 2016ல் ஒரு ஏமாற்றம். சொட்டு மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலின் அழற்சி குறைந்தது. மருந்தின் பலன் கூடவில்லை. எந்த வழி செல்லாது என்று தெரிவதும் லாபமே. ஆனால் இந்த ஆன்டிபயாடிக் ஆய்வின் செலவை ஏற்றது இந்திய அரசு அல்ல, கேட்ஸ் அறக்கட்டளை.

அரசு பணமே தருவதில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கட்டத்தில் தருகிறது என்பதே விஷயம். 2022ல் அனுமதி பெற்று 2023 ஜனவரியில் வெளிவந்த மூக்குவழிக் கோவிட் மருந்தைப் பாருங்கள். அதுவும் சளிச்சவ்வை நம்பிய மருந்துதான். மருந்தாக உருவாக்கவும் சோதிக்கவும் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி கொடுத்தது. ஆனால் மூல யுக்தி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடையது. உரிமம் வாங்கித்தான் இங்கே தயாரித்தார்கள். ரோட்டாவாக்கில் கேள்வி நம்முடையது. மூக்கு மருந்தில் பாட்டில் மட்டுமே நம்முடையது.

2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்தைத் தாண்டி வெகுகாலமாகிறது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை பிறந்தது. ஐந்தாண்டுக்கு ரூ. 50,000 கோடி என்றார்கள், அதில் ரூ. 36,000 கோடி தனியார் உள்ளிட்ட வெளி இடங்களிலிருந்து திரட்ட வேண்டிய தொகை. 2025 ஜூலையில் ரூ. 1 லட்சம் கோடி நிதி ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கு, முக்கியமாகக் கடனாகவும் முதலீடாகவும் போகும் பணம். தூங்கும் குழந்தையின் குடலைப் பற்றிய கேள்விக்கு யார் கடன் கொடுப்பார்கள்? கொடுத்தாலும் எப்படித் திருப்பிக் கட்டுவது?

குடல் ஆராய்ச்சிக்குத் தேவை வேறு மாதிரியான பணம். ஒரு குழந்தையைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து, மாதந்தோறும் மாதிரி எடுத்து, உறைநிலையில் காத்து வைக்க வேண்டும். வழக்கமான மானியத்தின் ஆயுளோ மூன்று ஆண்டு. குழந்தை நடை பழகி முடிக்கையில் திட்டம் முடிந்துவிடும். அடுத்த மானியம் வரத் தாமதமானால் பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஃப்ரீஸரில் மாதிரிகள் மட்டும் மிஞ்சும்.

ஆஸ்பத்திரியில் படுக்கையே போதாத நாட்டில் இந்த ஆடம்பரம் தேவையா என்ற கேள்வி நியாயமானது. வரிப்பணத்துக்குக் கணக்கும் வேண்டும்தான். ஆனால் அந்தப் படுக்கைகளில் கிடக்கும் குழந்தைகளில் பலர் எந்த நோயால் வந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 55 சதவீதத்தை 80 ஆக்கும் வழியைப் பணக்கார நாடுகள் நமக்காகத் தேடித் தரப்போவதில்லை. அவர்கள் குழந்தைகளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

2004 முதல் 2012 வரை உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளராக இருந்த பான், மானியம் கேட்கும் நாற்காலி, கொடுக்கும் நாற்காலி இரண்டிலும் உட்கார்ந்தவர். 2020 ஜனவரியில் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொட்டு மருந்து நாட்டின் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதியில் நிற்கும் அவரது கேள்விக்குத்தான் நிதி வேண்டும்.