குடல் கசிவை உள்ளிருந்தே ஆற்றும் பஞ்சு

புற்றுநோய் பிடித்த மலக்குடல் பகுதியை வெட்டி எடுத்தபின், மேலே உள்ள பெருங்குடலைக் கீழிறக்கி மிச்சப் பகுதியோடு இணைக்கிறார்கள். இப்போதெல்லாம் இதற்குப் பெரும்பாலும் வட்ட ஸ்டேப்ளர்தான். இணைத்ததும் இடுப்புக்குழியில் நீர் விட்டு, ஆசனவாய் வழியாகக் காற்றடித்துப் பார்ப்பார்கள். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் தேடுவது போலத்தான். குமிழி வந்தால் ஓட்டை.

குமிழி வராத இணைப்பும் சில நாள் கழித்து விட்டுப்போவதுண்டு. ஆசனவாயை நெருங்க நெருங்க ஆபத்து கூடும். தாழ்வான இணைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கசிகிறது. காய்ச்சல் அடிக்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்குவதற்குப் பதில் ஏறும். சி.டி. ஸ்கேனில் குடலுக்குப் பின்னால் சீழ் கட்டிய பொந்து தெரியும். சீழும் மலமும் வயிறு முழுக்கப் பரவியிருந்தால் உடனே மறு அறுவைதான், வேறு பேச்சில்லை. இடுப்போடு நின்றிருந்தால் வயிற்றைத் திறக்காமலே சமாளிக்கலாம்.

இதற்காக, வெளிப்புண்களை ஆற்றப் பயன்பட்ட உறிஞ்சு முறையை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அறுவை மருத்துவர் வைடன்ஹாகனின் குழுவினர் குடலுக்குள் கொண்டுபோனார்கள். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் 29 பேரில் 28 பேருக்குப் பொந்து ஆறியிருந்தது.

நுண்துளைகள் நிறைந்த பாலியூரிதேன் பஞ்சைப் பொந்தின் அளவுக்கு வெட்டி, எண்டோஸ்கோப்பியின் துணையோடு ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் மெல்லிய குழாய் வெளியே உறிஞ்சு குடுவையோடு சேரும். பஞ்சு ஓட்டையை அடைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது அடைப்பதில்லை. சீழைச் சேரவிடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் பொந்தின் சுவர்கள் நெருங்கி வருகின்றன, புதுச் சதை வளர்கிறது. அந்தச் சதை பஞ்சின் துளைகளுக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். பிய்க்கும்போது ரத்தம் கசியாமலிருக்க, முதலில் உப்புநீர் செலுத்தி ஊறவைப்பார்கள். அடுத்த பஞ்சு முந்தையதைவிடச் சிறியது.

இப்படி வாரக்கணக்கில் இழுக்கும். நோயாளிக்குப் பொறுமை வேண்டும், மருத்துவருக்கு அவசரம் வேண்டும்: கசிவு தெரிந்தவுடன் தொடங்கினால் பலன் கூடும். நாட்பட்ட பொந்தின் சுவர் தழும்பாகி விறைத்துவிட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் சுருங்குவது கடினம். ஆறத் தாமதமானால், கீமோதெரபி தேவைப்படுபவர்களுக்கு அதுவும் தள்ளிப்போகும்.

சிறிய, புதிய ஓட்டையாக இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே நிட்டினால் உலோகக் கவ்வி போட்டு மூடுவதும் உண்டு. உள்ளே சீழை வைத்து மூடக் கூடாது. எந்த முறையானாலும், மலம் இணைப்பின் பக்கம் வராமலிருக்கச் சிறுகுடலை வயிற்றில் திறந்து பை மாட்டியிருப்பார்கள். சாய மருந்து செலுத்திப் படமெடுத்து, கசிவு நின்றது உறுதியான பிறகே அந்த வாயை மூடுகிறார்கள்.