மேரி ரோஸ் கப்பலாய்வில் முக்குளிப்புக் கழகத்தின் பங்கு

கடலடித் தொல்லியலின் வளர்ச்சியில், பொழுதுபோக்காக ஸ்கூபா முக்குளிப்பைக் கற்ற உள்ளூர்க் கழகத்தினருக்கும் பங்குண்டு. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே சோலன்ட் நீரிணையில் 1545இல் மூழ்கிய இக்கப்பலைத் தேடும் பணியை, வரலாற்றெழுத்தாளரும் முக்குளிப்பாளருமான அலெக்சாண்டர் மெக்கீ, பிரித்தானிய முக்குளிப்புக் கழகத்தின் சவுத்சீ கிளையினருடன் 1965இல் தொடங்கினார். மூழ்கிய கப்பல்களைக் காக்கும் தனிச்சட்டம் அப்போது இல்லை. எனவே, பிறர் சூறையாடுவதைத் தடுக்கத் தேடற்குழுவினர் 1968இல் அக்கடற்படுகையையே ஆண்டுக்கு ஒரு பவுண்டுக் குத்தகைக்குப் பெற்றனர். சேற்றில் புதைந்திருந்த மரச்சட்டங்கள் 1971இல் புலப்பட்டன. 1973இல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அகழாய்வை நெறிப்படுத்திய தொல்லியலாளர் மார்கரெட் ரூல் தொடக்கத்தில் முக்குளிக்க அறியாதவர். களத்தை நேரிற் காண்பதற்காகவே அதனைக் கற்றார். தன்னார்வ முக்குளிப்பாளர்களோ அவர்வழித் தொல்லியல் நெறியைக் கற்றனர். ஒவ்வொரு பொருளும் கிடந்த இடம் அளந்து பதிவு செய்யப்பட்டது. ஒரு வில் எத்தளத்தில், எதனருகே கிடந்தது என்பது தெரிந்தாலன்றி, அக்கப்பலில் வாழ்ந்தோரைப் பற்றி அது சொல்வது சிறிதே. கப்பலின் எஞ்சிய பகுதி 1982 அக்டோபர் 11 அன்று மேலே கொணரப்பட்டது.

ஆகவே, மூழ்கிய கப்பலைக் காணச் செல்லும் ஆர்வலரை ஆய்வாளராக்குவது, எடுக்குமுன் பதிவுசெய்யும் ஒழுங்கே எனலாம்.